எவடமென்று கேட்கும் இயந்திரம்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றினுள் அறிமுகமற்ற ஒருவர் நுழைவாராயின் அவரிடம் முதலிற் கேட்கப்படுவது பெயரன்று. "தம்பி எவடம்?" என்பதே கேள்வி. ஊரைச் சொல்லி, ஊரிற் குறிச்சியைச் சொல்லி, குறிச்சியில் இன்னார் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை என்று சொல்லிவிட்டால், வந்தவர் யாரென்பது கேட்டவருக்கு ஒருவாறு விளங்கிவிடும். பெயர் அதன் பின்னர் வரும், வராமலும் போகலாம். இக்கேள்வியின் உள்ளே ஒளிந்திருக்கும் வேண்டாத ஆராய்ச்சிகளும் உண்டு. அவற்றை இவ்விடத்தில் விட்டுவிடலாம்.

கணினியைப் பயன்படுத்துவோர் பலரும் அது தம்மிடம் பெயரையும் கடவுச்சொல்லையும் மாத்திரமே கேட்கிறதென்று எண்ணுவர். வாய்திறந்து கேட்பவை அவ்விரண்டுமே. ஆயின், கேளாமலே அது குறித்துக்கொள்ளும் மூன்றாவது விடயம் ஒன்றுண்டு. வந்தவர் எந்த வாயிலால் வந்தார் என்பதே அது. இயந்திரத்தின் முன்னே அமர்ந்து அதன் சாவிப்பலகையைத் தொட்டவரா, வேறெங்கோ இருந்து கம்பிவழியாக வந்தவரா என்னும் வேறுபாட்டைப் பணிசெயல் முறைமை ஓர் அமர்வு முடியும்வரை மறப்பதில்லை. இந்த மூன்றாவது குறிப்பின் பெறுமதி நீர்வேலி வீடொன்றில் ஒரு நாட் காலையில் நன்கு வெளிப்பட்டது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண் நிலம், கிணற்று நீரை நம்பிய வாழைத் தோட்டங்கள், இரகுவமிசத்தைத் தமிழிற் செய்த அரசகேசரியின் பெயரால் வழங்கும் பிள்ளையார் கோயில். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது இவ்வூராரும் நடந்தனர். திரும்பி வந்தவர் பலர். வராமல் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்தும் போனவர் பலர். இன்று ஊரிலுள்ள வீடுகளிற் கணிசமானவற்றில் மூத்தவர் ஒருவரோ இருவரோ இருக்க, பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். "எவடம்?" என்ற கேள்விக்கு அப்பிள்ளைகள் என்ன விடை சொல்வரென்பது அவர்களுக்கே முழுதுந் தெளிவில்லை.

அத்தகைய வீடொன்றில் எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் தனியே வாழ்ந்து வருகிறார். மின்சாரமற்றிருந்த 1990களின் முற்பகுதியிற் குப்பி விளக்கைக் கொளுத்திவைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். இப்போது செவிப்புலன் மங்கிவிட்டது. தொலைபேசியிற் பேசினால் ஓசை கேட்கும், சொல் கேளாது. கண் பார்வை மட்டும் நன்றாக உண்டு. ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஊருக்கு வந்திருந்த விடுமுறையொன்றில், பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் முறைமையை நிறுவி, அதனை விறாந்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பொத்தானை அழுத்தினால் அது தாயாரின் பெயரில் தானாகவே திறந்துகொள்ளும். திரையில் மகனுடைய முகம் தோன்றும்; அதன் கீழே அவர் தட்டச்சுச் செய்யும் வாக்கியங்கள் பெரிய எழுத்தில் வரும். தாயார் வாய்விட்டுப் பேசுவார், மகன் எழுதுவார். உரையாடல் இவ்வாறு நடந்து வந்தது.

தந்தையாரின் திவசத்தன்று படையலைக் காணவேண்டுமென்று மகன் காத்திருந்தார். நீர்வேலியில் முற்பகல், ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்துவிட்டது. தாயார் மடிக்கணினியைப் படத்தின் முன்னே திருப்பி வைத்து, தலைவாழையிலையிற் படைத்த கறிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தபோது படம் உறைந்து போயிற்று. ஓசை மாத்திரம் சில கணம் வந்தது. "என்ன மோனை, அசையாமல் நிக்கிறாய்? தம்பி, கேக்குதோ?" பின்னர் அதுவும் நின்றது.

அழைப்பை நடத்திய செயலி மட்டுமே செயலிழந்திருந்தது. கணினியும் இணைய இணைப்பும் உயிருடன் இருந்தன. இத்தகைய வேளைக்கென மகன் வேறொரு வழியை முன்னரே அமைத்து வைத்திருந்தார். நீர்வேலிக் கணினி தானாகவே வெளியூர்ப் பொறியொன்றை அழைத்து ஒரு சுரங்கவழியைத் திறந்து வைத்திருக்கும். அதன் வழியாக அவர் உள்ளே நுழையலாம். தாயாருடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்து அவர் நுழைந்தார். கறுப்பு நிறச் சாளரமொன்றில் எழுத்துக் கட்டளைக்கான குறி தோன்றிற்று. தாயாருக்கு எதிரேயுள்ள அதே இயந்திரத்துள் அவர் இப்போது இருக்கிறார். ஆனால் தாயாருக்குத் தெரிவதோ உறைந்துபோன அவருடைய முகம் மட்டுமே.

முதலில் அவர் செய்தது, யுனிக்ஸ் பழகிய எவரும் செய்யக்கூடியது. முறைமையில் உள்ளோர் அனைவருக்கும் செய்தி எழுதும் 'வோல்' என்னும் கட்டளையை இட்டு, "அம்மா, நான் இருக்கிறன்" என்று எழுதினார். அச்செய்தி மறுகணமே அவருடைய சாளரத்தில், ரொறன்ரோவில், அவருக்கே வந்து சேர்ந்தது. நீர்வேலித் திரையில் எதுவும் தோன்றவில்லை. அடுத்து, சிறிய சாளரமொன்றைத் திறந்து செய்தி காட்டும் நிரலை இயக்கினார். காட்டுவதற்குத் திரை இல்லையென்று அது மறுத்துவிட்டது. பதினான்கு அங்குலத் திரையொன்று தாயாரின் முன்னே ஒளிர்ந்துகொண்டிருக்க, அதே இயந்திரம் தனக்குத் திரையே இல்லையென்று சொல்கிறது!

இதனை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் பி.டி.பி.-7 என்னும் சிறு கணினியில் யுனிக்சைத் தொடங்கியபோது, மனிதருக்கும் கணினிக்கும் இடையே நின்றது ரெலிரைப் எனப்பட்ட தொலையச்சுப்பொறி. தந்தி நிலையங்களுக்கெனச் செய்யப்பட்ட பொறி அது. 1963இல் வெளிவந்த 33ஆம் மாதிரி நொடிக்குப் பத்து எழுத்துக்களைத் தாளில் அடித்தது. ஒரு கணினிக்குப் பல பொறிகள் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெயர். ரெலிரைப் என்பதன் சுருக்கமாகிய 'ரி.ரி.வை.' என்பதே அப்பெயர்களின் முதலுறுப்பாயிற்று. 1971 நவம்பரில் வெளியான யுனிக்சின் முதற் கைந்நூலிலேயே, யார் யார் எந்தக் கம்பியில் இருக்கின்றனர் என்று காட்டும் 'ஹூ', தான் இருக்கும் கம்பியின் பெயரைச் சொல்லும் 'ரி.ரி.வை.', இன்னொருவரின் பொறிக்குச் செய்தி எழுதும் 'றைற்', அவ்வாறு பிறர் எழுதுவதைத் தடுக்கும் 'மெஸ்ஜ்' ஆகிய கட்டளைகள் இடம்பெற்றுவிட்டன. பிறர் எழுதவும் வேண்டும், வேண்டாத வேளையில் எழுதாதிருக்கவும் வேண்டும் என்ற இரு தேவைகளையும் அவர்கள் ஒருங்கே உணர்ந்திருந்தமை வியப்புக்குரியது. வேலியும் வேலியிற் பொட்டும் சேர்ந்தே அமைந்தன எனலாம்.

அப்பொறிகளுள் ஒன்றுக்கு மட்டும் தனிச் சிறப்பு இருந்தது. கணினிக்கு அருகிலேயே, அதனை இயக்கும் பொறுப்பாளரின் கையெட்டும் தொலைவில் இருந்த அப்பொறியே 'கொன்சோல்'. முறைமை விழித்தெழும்போது பேசும் முதற் சொற்களும், பழுதுற்று வீழும்போது சொல்லும் இறுதிச் சொற்களும் அதிலேயே அச்சாயின. முழு அதிகாரங் கொண்ட பயனர் அதன் வழியாக மாத்திரமே நுழையலாமென்று விதி வகுத்த முறைமைகளும் பின்னர் இருந்தன. கடவுச்சொல்லைத் திருடலாம், பூட்டிய அறைக்குள் வந்து அமர்வது எளிதன்று. அவ்விதியின் நியாயம் இதுவே.

தொலையச்சுப்பொறிகள் மறைந்து, 1978இல் வந்த வி.ரி.100 போன்ற திரைமுனையங்கள் தோன்றி, அவையும் மறைந்தன. கம்பிகளின் பெயர்கள் மறையவில்லை. இன்றைய லினக்சில் ஒரே திரைக்கும் ஒரே சாவிப்பலகைக்கும் பின்னால் 'ரி.ரி.வை.1', 'ரி.ரி.வை.2' எனப் பல மெய்ந்நிகர் கொன்சோல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றே ஒரு நேரத்தில் முன்நிற்கும். தொலைவிலிருந்து வருபவருக்குக் கம்பியே இல்லை. ஆயினும் முறைமை அவருக்கென ஒரு போலி முனையத்தை ஆக்கி, 'பி.ரி.எஸ்./0' என்பது போன்ற பெயரொன்றைச் சூட்டிக் கையளிக்கிறது.

இனி, ஓர் அமர்வுக்குரிய முனையம் எதுவென்பதை முறைமை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? ஆளிடம் அக்குறிப்பு ஒட்டப்படுவதில்லை. ஓடும் ஒவ்வொரு செயன்முறையிலும் ஒட்டப்படுகிறது. ஒரு செயன்முறை இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது, பெற்றதன் முனையம் பிறந்ததற்கும் முதுசொமாக இறங்குகிறது. இவ்வழிவழிச் சொத்தே 'கட்டுப்படுத்தும் முனையம்' எனப்படுவது. செயன்முறைகளின் குடும்பத்தை 'அமர்வு' என்றும், அதன் தலையை 'அமர்வுத் தலைவன்' என்றும் வரையறுத்து ஒழுங்குசெய்தது 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமம். லினக்சின் உட்கரு அம்முனையத்தை வெறும் எண்ணாகவே எழுதிவைக்கிறது. 'ரி.ரி.வை.7' என்பதற்குச் சாதன வகை எண் 4, வரிசை எண் 7; வகையெண்ணை 256ஆற் பெருக்கி வரிசையெண்ணைக் கூட்ட 1031. 'பி.ரி.எஸ்./0' என்பதற்கு வகை எண் 136, வரிசை எண் 0; ஆகவே 34816. தாயாரின் செயன்முறைகள் 1031ஐச் சுமந்துகொண்டும், மகனின் செயன்முறைகள் 34816ஐச் சுமந்துகொண்டும் ஒரே இயந்திரத்தில் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருந்தன.

இதிலே பலரும் இடறும் இடமொன்றுண்டு. 'ரி.ரி.வை.' கட்டளை சொல்லும் விடை, தனக்கு உள்ளீடு எங்கிருந்து வருகிறதோ அதன் பெயரே. உள்ளீட்டைக் கோப்பொன்றிலிருந்து திருப்பிவிட்டால், முனையத்தின் முன்னே அமர்ந்திருந்தாலும் "முனையம் அன்று" என்றே அது விடைதரும். உண்மையான முனையத்தை எட்டவேண்டுமாயின் எண்ணெதுவும் ஒட்டாத வெறும் 'ரி.ரி.வை.' என்னும் சாதனக் கோப்பைத் திறக்கவேண்டும். திறப்பவருக்கு அது அவரவருடைய சொந்த முனையமாகவே மாறி நிற்கும். கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் பலவும், உள்ளீடு எப்படித் திருப்பிவிடப்பட்டிருப்பினும், அதன் வழியாகவே கேட்பதன் காரணம் இதுவே.

நிற்க. ரொறன்ரோவில் இருந்தவர் 'ஹூ' கட்டளையை இட்டார். இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் தாயாரின் பெயரே இருந்தது. முதல்வரியில் 'ரி.ரி.வை.7' என்றும், அடைப்புக்குறிக்குள் வரைவியற் திரையின் இலக்கமாகிய ':0' என்றும் காணப்பட்டன. இரண்டாம் வரியிற் காணப்பட்டது 'பி.ரி.எஸ்./0', வந்த இடமாக 127.0.0.1 என்ற முகவரி. அம்முகவரி எந்தக் கணினியும் தன்னைத்தானே குறிக்க வழங்குவது. சுரங்கவழியின் கடைசிப் படி அக்கணினியின் உள்ளேயே முடிவதால், மகன் தன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தாரென்று இயந்திரம் எழுதிவைத்திருந்தது. முகவரியை மட்டும் நம்பினால் அவர் நீர்வேலியிலேயே இருக்கிறார். கம்பியின் பெயர் அவ்வாறு ஏமாறவில்லை.

'ஹூ' காட்டும் பட்டியலை முற்றாக நம்புதலும் தகாது. நுழைவுநேரத்திற் கோப்பொன்றில் எழுதப்படும் பதிவே அது. உட்கருவின் நேரடிச் சாட்சியன்று. சிலவேளை இல்லாதவர் இருப்பதாகவும் அது காட்டக்கூடும். போதாக்குறைக்கு, அக்கோப்பு நேரத்தை 32 இருமங்களில் எழுதுவதால் 2038இற் செல்லாக்காசாகிவிடும். ஆகவே மகன் உட்கருவையே கேட்டார். எந்த மெய்ந்நிகர் கொன்சோல் இப்போது முன்நிற்கிறதென்று சொல்லும் சிறு கோப்பொன்று அங்குண்டு. அதனைப் படித்தபோது 'ரி.ரி.வை.7' என்ற ஒரே சொல் வந்தது. இரண்டு சாட்சிகளும் ஒத்தன. 2010இல் தொடங்கப்பெற்ற சிஸ்ரம்-டி என்னும் முகாமையமைப்பின் அமர்வுப் பிரிவும் இதே கோப்பைக் கண்காணித்தே, எவ்வமர்வு செயலிலுள்ளது என்று முடிவுசெய்கிறது. திரையும் சாவிப்பலகையும் சேர்ந்த தொகுதியை அது 'இருக்கை' என்ற பெயரால் வழங்குகிறது. தாயாரின் அமர்வுக்கு எதிரே 'இருக்கை 0' என்று எழுதப்பட்டிருந்தது. மகனின் அமர்வுக்கு எதிரே அந்த நிரல் வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமை பிழையன்று என்பதையுஞ் சொல்லவேண்டும். இருக்கையில் உள்ளவருக்குச் சில உரிமைகள் உண்டு. தாயார் ஒரு பொத்தானை அழுத்தி மறுகேள்வியின்றிக் கணினியை நிறுத்திவிடலாம். அதே பெயரில் தொலைவிலிருந்து நிறுத்த முயல்பவரிடம் நிருவாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். மின்செருகியைப் பிடுங்கும் தூரத்தில் இருப்பவருக்கு அனுமதி மறுப்பதிற் பொருளில்லை. பல்லாயிரம் கல் தொலைவிலுள்ளவர் எவர் என்பதற்கோ உறுதியில்லை. ரொறன்ரோவிலிருந்து தாய்வீட்டுக் காரியங்களை நடத்தும் பிள்ளைகளுக்கு இது கசப்பான ஏற்பாடாகத் தோன்றலாம். கணினியை வாங்கியவரும் முறைமையை நிறுவியவரும் அவர்களே. எனினும், காணியின் எல்லையையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் அங்கு வாழ்பவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டுமென்று ஒப்புக்கொள்பவர்கள், இயந்திரத்தின் இவ்வொழுங்கைக் குறைகூறுவது பொருந்தாது.

தொடக்கத்தில் நேர்ந்த இரு தோல்விகளுக்கும் காரணம் இப்போது தெளிவு. 'வோல்' கட்டளை எழுத்துக் கம்பிகளுக்கு எழுதுவது. 'ரி.ரி.வை.7'இல் வரைவியற் காட்சி முழுத்திரையையும் மூடி நின்றதால், அங்கே எழுதப்பட்டது ஓவியத்தின் பின்னால் சுவரில் எழுதியதற்கு ஒப்பாயிற்று. செய்திச் சாளரத்தைத் திறக்கும் நிரலோ எத்திரையிற் காட்டவேண்டுமென்பதை 'டிஸ்பிளே' என்னும் சூழல்மாறியிற் பார்க்கும். அம்மாறியும் முதுசொமே. மகனின் செயன்முறைகள் தொலைநுழைவுச் சேவகத்தின் வழித்தோன்றல்கள். அதற்குத் திரை கிடையாது. ஆகவே பிள்ளைகளுக்கும் கிடையாது. மாறியில் ':0' என்று கையால் எழுதிவிட்டால் போதும். இரு அமர்வுகளும் ஒரே பயனருக்குரியவை என்பதால், தாயாரின் வரைவியற் திரைக்கான நுழைவுச் சான்று வீட்டு அடைவிலுள்ள மறைகோப்பில் மகனுக்கும் படிக்கக் கிடைத்தது. பெயர் ஒன்றாயிருந்ததன் பயன் இவ்விடத்திலேயே வந்தது.

இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. கம்பி அறுபடும்போது உட்கரு அமர்வுத் தலைவனுக்குச் 'சிக்கப்' என்னும் சைகையை அனுப்பும். தொலைபேசியை வைத்துவிடுதல் என்பதே அப்பெயரின் பொருள். தொலைபேசிக் கம்பியிற் கணினியை அழைத்த காலத்தின் சொல் அது. தலைவன் அச்சைகையைத் தன் வழிவந்த வேலைகளுக்கும் கடத்தும். மறுத்து நிற்க ஏற்பாடு செய்யாதவை அனைத்தும் மடியும். மகன் அனுப்பும் செய்திச் சாளரம் அவருடைய குடும்பத்திற் பிறந்ததாயின், இணைப்பு அறுந்த கணத்தில் தாயாரின் திரையிலிருந்து அதுவும் மறையும். அன்று இணைப்பும் தளம்பிக்கொண்டிருந்தது. எனவே, பிறக்கும்போதே புதிய அமர்வொன்றைத் தொடங்கிப் பழைய முனையத்தைத் துறக்கச் செய்யும் 'செற்சிட்' கட்டளையின் வழியாக அதனை இயக்கினார்.

உறைந்த முகத்தின் மேலே வெண்ணிறச் சாளரமொன்று திறந்து, உள்ளங்கை அகலத்தில் எழுத்துக்கள் தோன்றின. "அம்மா, நான் இருக்கிறன். பயப்பிடாதேங்கோ. இலையை எடுக்காதேங்கோ. திரும்ப வாறன்." தாயார் அதனை உரக்க வாசித்ததாகப் பின்னர் அயலார் சொன்னார்கள். மகன் செயலிழந்த செயலியை நிறுத்தி, அதனையும் ':0' திரையிலேயே மீண்டும் திறந்தார். சாதமும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் மோதகமும் வரிசையாகக் காட்டப்பட்டன. காகத்துக்கு வைத்த பிடியை மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டமுடியவில்லையே என்பது மட்டும் தாயாரின் குறை.

அரைமணி நேரத்தின் பின் மகன் வெளியேறுமுன், ஓடும் செயன்முறைகளின் பட்டியலை ஒருமுறை பார்த்தார். தாயார் அந்த வெண்ணிறச் சாளரத்தை இன்னும் மூடவில்லை; ஓரமாக ஒதுக்கிவிட்டு வைத்திருந்தார். பட்டியலில் தாயாரின் வரைவியற் சேவகத்துக்கு எதிரே 'ரி.ரி.வை.7'; மகனின் கட்டளைகளுக்கு எதிரே 'பி.ரி.எஸ்./0'. அச்சாளரத்துக்கு எதிரே, எந்த முனையத்தையும் சாராத செயன்முறைகளுக்கு முறைமை இடும் கேள்விக்குறி இருந்தது. அவர் இணைப்பை அறுத்தார். 'பி.ரி.எஸ்./0' என்ற பெயர் அக்கணமே இல்லாதொழிந்தது. எழுத்துக்கள் திரையிற் கிடந்தன. மறுநாட் காலையில் தாயார் கணினியை நிறுத்தும்வரை அவை கிடந்தன.